மலர்க் கண்காட்சியின் இரண்டாம் நாள்

சங்கத்து அக்கா குடை வாங்கிய கதையைச் சொன்னால் போதும், ஆளைப் பற்றி முக்கால்வாசி விளங்கிவிடும். மன்னார் பஸாரில் ஒரு குடையை விரித்து மடக்கி, கம்பி எந்த ஊரில் செய்தது, துணி சாயம் போகுமா, உங்கள் வீட்டிலும் இதே குடைதானா என்று கடைக்காரரைப் போட்டு உருட்டி எடுத்துவிட்டு, வாங்காமலே வந்துவிட்டார். பிறகு பேசாலை றோட்டில் அதே மாதிரிக் குடையோடு போன ஒரு ரீச்சரை மறித்து, வாடைக்காற்றுக்கு மடங்குகிறதா என்று கேட்டார். அதுவும் போதாதென்று ஒரு மீன் வியாபாரியிடமும் கேட்டார். மூன்று பேர் ஒரே பதிலைச் சொன்னால்தான் அவருக்கு அது பதில். கடைசியில் அவர் குடையை வாங்கியபோது மழைக்காலம் முடிந்திருந்தது.

நான் அந்த நாளில் எங்கள் ஊர் மீனவர் சங்கத்தில் களஞ்சியத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வலை, கயிறு, எஞ்சின் ஒயில் எல்லாம் என் பொறுப்பு. அக்கா அங்கே கிளார்க். ஒரே அறை, எதிரெதிர் மேசை. ஐம்பதைத் தொடும் வயது, கலியாணம் கட்டவில்லை, கோவிலுக்குப் பின்னால் ஒரு சின்ன வீட்டில் தனியாக இருந்தார். கண்ணாடியை நூலில் கோத்துக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பார். யாராவது உள்ளே வந்தால் முதலில் கண்ணாடி மூக்குக்கு ஏறும், பிறகு கேள்வி தொடங்கும்.

எனக்கும் அடுத்தவர் சங்கதியை நோண்டுகிற விடுப்புக் குறைவில்லை, அதை மறைப்பானேன். ஆனால் என்னுடையது சும்மா விடுப்பு, ரீ குடிக்கிற நேரத்துக்குள் மறந்துபோகும். அக்கா கேட்டதை மறக்கமாட்டார். செத்தவீட்டுக்குப் போனால் ஆள் எத்தனை மணிக்குக் கண்ணை மூடினார், கடைசியாக என்ன குடித்தார், பக்கத்தில் யார் இருந்தது என்று விசாரிப்பார். இதென்ன மனிசி என்று முதலில் எரிச்சல் வரும். ஆனால் கேட்கக் கேட்க அந்த வீட்டுக்காரர் சொல்லிச் சொல்லி அழுது, கடைசியில் நெஞ்சு இலேசாகி ஒரு வாய் ரீ குடிப்பார்கள். இதை நான் பல வீட்டில் கண்டிருக்கிறேன். "வாயிருந்தால் வங்காளம் போகலாம்" என்பது அவருடைய வேதவாக்கு. வங்காளத்துக்கு ஏன் போக வேண்டும் என்று நான் கேட்டால், போய்ப் பார்த்தால்தானே தெரியும் என்பார்.

சண்டை ஓய்ந்து பாதை திறந்து, சனம் பயமில்லாமல் பயணம் போகத் தொடங்கியிருந்த காலம் அது. வருடத்துக்கு ஒரு சுற்றுலா வைத்தாலென்ன என்று சங்கத் தலைவர் ஒரு கூட்டத்தில் வாய் தவறிச் சொல்லிவிட்டார். அவர் வசனத்தை முடிக்க முதலே அக்கா எழும்பி, சித்திரையில் நுவரெலியா போவோம் என்றார். யாரோ காலிக் கோட்டைக்குப் போகலாம் என்றார்கள். அங்கேயும் கடல்தானே, இங்கே பார்க்காத கடலா என்று அக்கா ஒரே வெட்டாக வெட்டினார். எங்களுக்குச் சித்திரை என்றால் தலையில் நெருப்பைக் கொட்டுகிற மாதம். மலையில் அதுதான் வசந்த காலமாம், பூவெல்லாம் அப்போதுதான் பூக்குமாம். ஐஸ்பெட்டியைத் தவிர வேறு குளிரைக் காணாத சனம் ஆவென்று கேட்டுக்கொண்டிருந்தது.

பேசாலையிலிருந்து மலைக்கு ஒரு பஸ் கொண்டுபோவது இலேசான காரியமில்லை. அக்கா அதை எப்படி அடுக்கினார் என்று எதிர் மேசையிலிருந்து பார்த்தவன் நான். முதலில் தவக்காலம். விபூதிப் புதனிலிருந்து உயிர்த்த ஞாயிறு வரை எங்கள் கத்தோலிக்கச் சனம் கும்மாளத்துக்குப் போகாது. அடுத்தது பள்ளிக்கூட விடுமுறை. அதற்கு மேல் நிலவு. நல்ல நிலவு காயும் இரவுகளில் வலையில் மீன் படாது, அந்த நாட்களில்தான் ஆண்கள் படகைக் கரையில் விட்டு வர மனம் வைப்பார்கள். உயிர்த்த ஞாயிறே பூரணையைப் பார்த்து வருவதால் அதற்கடுத்த சில நாளைக்கு நிலவு மிச்சமிருக்கும் என்பதை அக்காதான் கண்டுபிடித்துச் சொன்னார், கோவிலில் பூசை வைக்கிற சுவாமிக்கே அது புதினம். பிறகு சித்திரை வருடப்பிறப்பு. அந்தக் கிழமை கொழும்புச் சனம் முழுக்க மலையில் நிற்கும், ஒரு அறை எடுக்க யானை விலை சொல்வார்கள்.

இவ்வளவையும் கடந்து வந்தால் நுவரெலியாவின் சொந்தச் சமாச்சாரங்கள் நிற்கும். பள்ளிக்கூடப் பிள்ளைகளின் பாண்ட் வாத்திய ஊர்வலம் ஒரு நாள், குதிரை ஓட்டம் ஒரு நாள், மோட்டார் சைக்கிள் ஓட்டம் இன்னொரு நாள், பூங்காவில் மலர்க் கண்காட்சி வேறு நாள். ஆண்களுக்குக் குதிரை வேண்டும். இளந்தாரிகளுக்கு மோட்டார் சைக்கிள் வேண்டும். சின்னதுகளுக்கு வாவியில் படகு ஓட வேண்டும், பிறந்ததிலிருந்து படகில் கிடக்கிற பிள்ளைகள்! அக்கா எல்லோருடைய ஆசைக்கும் தலையாட்டுவார். யாருக்காகவும் எதையும் விட்டுக்கொடுப்பார். ஒன்றை மட்டும் அசைக்க விடமாட்டார். மலர்க் கண்காட்சியின் இரண்டாம் நாள், காலை ஒன்பது மணியிலிருந்து மத்தியானம் வரை, பஸ் அந்தப் பூங்கா வாசலில் நிற்க வேண்டும்.

அந்தத் தேதியை அறிய அவர் பட்ட பாட்டைப் பாருங்கள். பேப்பரில் வருகிற அறிவித்தலை நம்பமாட்டார். பூங்காவில் ரிக்கற் கொடுக்கிறவருடைய ரெலிபோன் நம்பரை எங்கோ பிடித்தார். அவர் சொன்னதைச் சரிபார்க்க ஒரு பேக்கரிக்காரர், அதையும் சரிபார்க்கத் தங்குமடத்தில் சமைக்கிற ஒரு அம்மா. மூன்று பேரில் இரண்டு பேருக்குத் தமிழ் தெரியாது. அதனால் "மல் பிரதர்ஷனய கவதத?" என்று சிங்களத்தில் பாடமாக்கினார். மலர்க் கண்காட்சி எப்போது என்று அர்த்தமாம். அதை மாசி மாதம் முழுக்க அவர் ரெலிபோனில் சொல்லிச் சொல்லி எனக்கே பாடமாகிவிட்டது. இரவில் கனவிலும் அதைச் சொன்னதாக மனைவி முறைப்பாடு. அந்த மூன்று பேருக்கும் பயணத்தின்போது கட்டாக் கருவாடு பார்சல் போகும். நுவரெலியாவில் அவரை மன்னார் நோனா, அதாவது மன்னார் அம்மணி, என்று அறிந்திருந்தார்கள்.

முதலாம் வருடப் பயணம் நல்ல கூத்து. விடியப்புறம் பூசை முடிந்து புறப்பட்டு, இருட்டுகிற நேரம் மலை ஏறினோம். நடுக்கடலில் வாடைக்காற்றுக்கு வெறும் மேலோடு நிற்கிற படகுக்காரச் சம்மாட்டிமார் போர்வைக்குள் சுருண்டு பல்லுக் கிடுகிடுக்க இருந்தார்கள். அடுத்த நாள் கண்காட்சி. பூவென்றால் அப்படியொரு பூ, கோவில் பெருநாளுக்குக் கட்டும் காகிதப் பூ கூட அவ்வளவு நிறத்தில் இருக்காது. பெண்கள் ஒவ்வொரு சட்டிக்கும் முன்னால் நின்று படம் எடுத்தார்கள். அக்கா ஒரு பூவையும் பார்க்கவில்லை.

அதுதான் என் மண்டையைக் குடைந்தது. நேரே வீட்டுத்தோட்டக்காரர் சட்டிகள் வைத்திருந்த கொட்டகைக்குப் போனார். முதல் நாள் பரிசு கொடுத்துவிடுவார்கள், இரண்டாம் நாள் பரிசு விழுந்த சட்டிகளுக்குப் பக்கத்தில் அதை வளர்த்தவர்கள் வந்து நிற்பார்கள். அப்படி ஒரு பிகோனியாச் சட்டிக்கு முன்னால் மூன்று மணித்தியாலம் நின்றார். சட்டிக்கு அந்தப் பக்கம் நாற்பது நாற்பத்தைந்து வயதில் ஒரு பெண், ஊதா ஸ்வெற்றர் போட்டவர், பதினேழு பதினெட்டு வயது மகளோடு நின்றார். இவர் அந்தப் பெண்ணைப் பார்க்கிறார், அந்தப் பெண் இவரைப் பார்க்கிறார். ஒரு சொல் இல்லை. கருவாடு எப்படி உப்புப் போட்டது என்று அந்தோனியார் சுரூபத்திடமும் கேட்கக்கூடிய மனிசி, அந்தப் பூ என்ன பெயர் என்றுகூடக் கேட்கவில்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் முன்சீற்றில் கண்ணை மூடிக்கொண்டு வந்தார்.

வீட்டில் ஒரே ஒரு முருங்கையை வைத்துக்கொண்டு, அதற்கும் தண்ணீர் ஊற்ற மறக்கிற ஆளுக்குப் பூவில் என்ன பைத்தியம்? மனைவியிடம் கேட்டேன். உமக்கேன் அந்த விடுப்பு என்றார். சொன்னவரே அடுத்த நாள் காலையில், அந்த ஸ்வெற்றர்காரியின் மூக்கும் அக்காவின் மூக்கும் ஒரே அச்சு, கவனித்தீரா என்று கேட்டார்.

இரண்டாம் வருடம் நான் அக்காவை விட்டு நகரவில்லை. நான் ஏதோ துப்பறிகிறேன் என்று நினைத்துக்கொண்டு போக, அக்காவே என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய்ச் சட்டிக்கு முன்னால் நிறுத்தினார். அதே பெண், அதே மகள். அக்கா பூவைப் பார்த்துக்கொண்டு, பக்கத்தில் நிற்கிற எனக்கு ஏன் இவ்வளவு சத்தம் என்று நினைக்கும்படி உரத்துச் சொன்னார்:

"தம்பி, மடுவிலை அம்மாவின்ரை கல்லறையைக் கட்டியாச்சு. வெள்ளைச் சீமெந்து. பேர் வெட்டின கல்லும் வைச்சாச்சு."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. என் அம்மா வீட்டில் குத்துக்கல்லாக இருக்கிறார். நான் வாயைத் திறக்க முதலே சட்டிக்கு அந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பெண் தன் மகளைப் பார்த்துச் சொன்னார்:

"பிள்ளை, கல்லறைக்குப் பூ வைக்கிறது ஆர் எண்டு கேட்டுப்பார்."

மகள் யாரிடமும் கேட்கவில்லை. சும்மா நின்றாள். அக்கா என்னைப் பார்த்து, ஒவ்வொரு ஆடிப் பெருநாளுக்கும் தான் போய் வைப்பதாகச் சொன்னார். அந்தப் பெண் மகளிடம், தகப்பன் லொறி ஓட்டத்தை விட்டுவிட்டார், இப்போது மரக்கறித் தோட்டம் என்றார். அக்கா எனக்கு, ஊர் வீட்டின் கிழக்குப் பக்கத்துச் சுவர் விழுந்து திருப்பிக் கட்டினதைச் சொன்னார். இப்படியே ஒரு மணித்தியாலம். அப்போதுதான் எனக்கு மண்டையில் ஏறியது. எங்கள் ஊரில் கோபித்துக்கொண்ட இரண்டு பேர் ஒரே வீட்டில் இருக்க வேண்டி வந்தால் சுவருக்குச் சொல்வார்கள், காகத்துக்குச் சொல்வார்கள், அடுப்புக்குச் சொல்வார்கள். மற்றவர் கேட்டுக்கொள்வார். நுவரெலியாவுக்குச் சுவரைக் கொண்டுபோக முடியாது, ஆகவே என்னைக் கொண்டுபோயிருக்கிறார். இருநூறு மைல் குந்தியிருந்து வந்து சுவராக நின்ற முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன். கோபம் வரத்தான் செய்தது. அந்தப் பெண்ணின் கண்ணைப் பார்த்த பிறகு வந்த கோபம் எங்கே போனதோ தெரியாது.

திரும்பி வரும் வழியில் தம்புள்ளை தாண்டி எல்லோரும் நித்திரையான பிறகு கேட்டேன். ஒளிக்காமல் சொன்னார். அவருடைய ஒரே தங்கச்சியாம். ஊரில் மாப்பிள்ளை பார்த்து, கோவிலில் மூன்றாம் முறையும் கலியாண அறிவித்தல் வாசித்த கிழமை, மலைநாட்டிலிருந்து ஐஸ் லொறி ஓட்டி வருகிற ஒருவரோடு போய்விட்டார். வேதமும் வேறு, ஊரும் வேறு. தாய்க்காரி அதற்குப் பிறகு கோவிலில் முன்வரிசையில் போய் இருக்கவில்லை. கொஞ்ச நாளில் சண்டை வந்து ஊர் முழுக்க மடுவுக்கு அகதியாகப் போனது. அங்கே ஒரு கொட்டிலில் காய்ச்சலோடு கிடந்த தாய், மாதா கோவிலுக்கு நேரே கையை நீட்டச் சொல்லி மூத்த மகளிடம் சத்தியம் வாங்கினார். அவளின்ரை வாசலை மிதிக்கமாட்டன், அவளோடை வாய் திறக்கமாட்டன். அன்றிரவே கண்ணை மூடிவிட்டார்.

"மாதாவுக்கு முன்னாலை குடுத்த வாக்கு, தம்பி. மீறேலாது. ஆனால் பூங்கா அவளின்ரை வாசலில்லைத்தானே. அவளின்ரை பேரைப் பேப்பரிலை பரிசுக்காரரோடை கண்டனான். இரண்டாம் நாள் எல்லாரும் வந்து நிப்பினமெண்டு விசாரிச்சன். நான் உமக்குத்தானே கதைச்சனான்."

எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. தவக்காலம், நிலவு, பள்ளிக்கூட விடுமுறை, நாற்பது பேரின் ஆசை, மூன்று பேருக்குக் கருவாடு, எல்லாம் ஒரு சொல் பேசாமல் மூன்று மணித்தியாலம் பார்ப்பதற்காக. கெட்டிக்காரிதான். ஆனால் இவ்வளவு கெட்டித்தனத்தையும் இதற்கா செலவழிப்பது?

கேட்டேன். சுவாமியிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால், அந்தச் சத்தியம் செல்லுமா செல்லாதா என்று அவர் சொல்லியிருப்பாரே? குடைக்கு மூன்று பேரிடம் கேட்டவர், இதற்கு ஒருவரிடமாவது கேட்கவில்லையா?

பஸ் ஒரு குளக்கட்டைத் தாண்டியது. பிறகு அக்கா மெதுவாகச் சொன்னார்:

"கேட்டு, அவர் 'அது முதலிலையிருந்தே செல்லாது பிள்ளை' எண்டு சொன்னால்? இருபது வருசத்துக்கு மேலை போச்சுது. அவளுக்குப் பிள்ளை பிறக்கேக்கை நான் போகேல்லை. அவள் எழுதின கடிதம் ஒண்டுக்கும் பதில் போடேல்லை. அதெல்லாம் சும்மா எண்டால், நான் ஆரட்டைப் போய் முறையிடுறது?"

அதற்கு மேல் நானும் ஒன்றும் கேட்கவில்லை. விடுப்புக்கும் ஒரு எல்லை இருக்கிறது.

மூன்றாம் வருடம் எல்லாமே குழம்பியது. கண்காட்சி பின்னுக்குத் தள்ளிப் போனதால் அதன் இரண்டாம் நாள், நிலவில்லாத நல்ல இருட்டு நாள். வலை நிறைய மீன் படுகிற நேரம், பூப் பார்க்க வருவதோ என்று ஆண்கள் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்கள். தலைவர் பயணத்தை முன்னுக்கு வைத்து, குதிரை ஓட்டத்தோடு முடிக்கச் சொன்னார். அக்கா இரண்டு நாள் சங்கக் கந்தோரில் ஒரு கேள்வி கேட்கவில்லை. சங்கத்துக்கு வந்தவர்கள் என்ன சுகமில்லையா என்று அவரைக் கேட்டார்கள். மூன்றாம் நாள் பஸ் ஏறி நானாட்டானுக்குப் போனார், அங்கிருந்து பெரியமடுவுக்கும் போனார். அறுவடை முடிந்து நெல்லைத் தூற்றிக் கட்டிவிட்டுச் சும்மா இருந்த கமக்காரக் குடும்பங்களைப் பிடித்து, வெற்றுச் சீற்றுகளை நிரப்பிக்கொண்டு வந்தார். மீனவர் சங்கத்தின் சுற்றுலாவில் பாதிப் பேருக்குத் துடுப்பு எந்தப் பக்கம் பிடிப்பது என்று தெரியாது. தலைவர் தலையில் கைவைத்தார், ஆனாலும் பஸ் புறப்பட்டது.

ஒன்பது மணிக்குக் கொட்டகையில் நின்றோம். பிகோனியாச் சட்டி இருந்தது, முதற் பரிசுச் சீட்டும் கட்டியிருந்தது. பக்கத்தில் மகள் மட்டும் நின்றாள். அக்கா சட்டியைப் பார்த்தார், மகளுக்குப் பின்னால் பார்த்தார், வாசலைப் பார்த்தார். பிள்ளையோடு கதைக்கக் கூடாதென்று சத்தியத்தில் இல்லை. நேரே கேட்டார், அம்மா எங்கை?

"அம்மா ஆஸ்பத்திரியில பெரியம்மா. நெஞ்சு வருத்தம். நாளைக்குக் காலைல கண்டிக்குக் கொண்டுபோய் ஒப்பரேசன் செய்யப் போறாங்க. நீங்க கட்டாயம் வருவீங்க, சட்டிய வச்சிட்டு நில்லுன்னு அம்மாதான் அனுப்பினாங்க."

பெரியம்மா என்று அந்தப் பிள்ளை கூப்பிட்டது அதுதான் முதல் முறை. அக்கா அதைக் கவனித்தாரோ தெரியாது. நோயாளரைப் பார்க்க விடுகிற நேரம் எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை, எந்த வார்ட்டு, எத்தனையாவது கட்டில், சாப்பிட்டவரா, மூச்சு விட முடிகிறதா என்று கேட்டுக்கொண்டே நடக்கத் தொடங்கிவிட்டார். பன்னிரண்டிலிருந்து ஒரு மணி வரைதான் உள்ளே விடுவார்களாம். மகள் முன்னால் ஓடினாள்.

ஆஸ்பத்திரிக் கேற்றடியில் காத்துக் கிடந்து, பன்னிரண்டடித்துப் பத்து நிமிடத்தில் வார்ட்டு வாசலுக்கு வந்துவிட்டோம். மகள் உள்ளே போனாள். அக்கா வாசலில் நின்றார். ஒரு அடி வைக்கவில்லை. சனம் எங்களை இடித்துக்கொண்டு போனது. ஆஸ்பத்திரி தங்கச்சியின் வாசல் இல்லை, தாராளமாகப் போகலாம் என்றேன்.

"போகலாம். போய் என்னெண்டு நிக்கிறது? நாளைக்கு நெஞ்சைப் பிளக்கப் போறவளுக்கு முன்னாலை நிண்டு உம்மோடை கதைக்கிறதோ?" கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், திரும்பவும் துடைத்தார். பிறகு என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "சுவாமிக்கு ஒருக்கால் எடுத்துக் கேளும்."

நீங்களே கேளுங்கோவன் என்றேன். தனக்கு ஏலாது என்று தலையை ஆட்டினார். ஊரில் எந்தக் கொம்பனையும் கேட்கிற மனிசி, தன் ரெலிபோனை எடுத்து என் கையில் வைத்தார்.

நான் முற்றத்துக்கு இறங்கி சுவாமிக்கு ரெலிபோன் எடுத்தேன். மணி அடித்து அடித்து நின்றது. திரும்பவும் எடுத்தேன். மூன்றாம் தரமும் அடித்து நின்றது. எங்காவது செத்தவீட்டுப் பூசையில் நிற்பார், ரெலிபோன் மேசையில் கிடக்கும். பன்னிரண்டு முப்பத்தைந்து. அக்கா வாசலில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். சுவாமி எடுத்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். முதலிலிருந்தே செல்லாது என்கிற அந்தப் பதிலை எடுத்துக்கொண்டு அந்தப் படியில் ஏற என்னால் முடியாது. ஆகவே செத்த ரெலிபோனைக் காதில் வைத்தபடி, ஓம் சுவாமி, சரி சுவாமி என்று கொஞ்ச நேரம் தலையாட்டினேன். இதைப் பிறகு சுவாமியிடமே பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிவிட்டேன். அவர் என்ன சொன்னார் என்பது எனக்கும் அவருக்கும் இடையில் இருக்கட்டும்.

படியேறி வந்து சொன்னேன்:

"வாக்கு வாக்குத்தானாம், அக்கா. இவ்வளவு காலமும் நீங்கள் காத்தது சரியாம், மாதா கணக்கிலை எடுப்பாவாம். இண்டையோடை அது முடிஞ்சுதாம். தான் விடுவிக்கிறாராம்."

"இண்டையோடை எண்டோ சொன்னவர்?"

"ஓம்."

என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். சுவாமி எந்த இடத்தில் நின்று கதைத்தார், சிரித்தாரா, வேறென்ன கேட்டார் என்று ஒரு நூறு கேள்வி வரப்போகிறது என்று பயந்துகொண்டு நின்றேன். ஒன்றும் வரவில்லை. சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே நடந்தார்.

யன்னலோரத்துக் கட்டில். தங்கச்சி வற்றிப்போய்க் கிடந்தார். மகள் தலையணையை நிமிர்த்தி வைத்துக்கொண்டு நின்றாள். அக்காவைக் கண்டதும் தங்கச்சிக்குக் கண் நிறைந்தது. எழும்பப் பார்த்தார், முடியவில்லை. பிறகு வழக்கம்போல முகத்தை மகள் பக்கம் திருப்பினார்.

"பிள்ளை, வந்தவவை இருக்கச் சொல்லு. தூரத்திலயிருந்து வந்திருக்கிறா. கதிரையை இழுத்துப் போடு."

மகள் கதிரையை இழுத்தாள். அக்கா இருக்கவில்லை. கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"பிள்ளைக்குச் சொல்லாதையடி," என்றார். "எனக்குச் சொல்லு."

தங்கச்சி அவருடைய வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்துக் கட்டில்காரி கூட எங்களைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு தங்கச்சி கையை எடுத்து, கட்டிலில் தனக்குப் பக்கத்தில் இருந்த கொஞ்ச இடத்தைத் தட்டினார்.

"இரு அக்கா," என்றார்.